விளிம்பு வெட்டிய சரித்திரம்

நெப்போலியனை ஸ்வரத்தோடு சொல்லக்கூடிய பெண் 1941-ஆம் வருஷத்துத் திருவனந்தபுரத்தில் ஒருத்திதான் இருந்தாள். பெயர் சீதாலக்ஷ்மி. ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில் வெங்கடேஸ்வரனின் மூத்த பெண். கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் ஆறாம் ஃபாரம் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் ஃபாரம் என்பது பள்ளிக்கூடத்தின் கடைசிப் படி. மார்ச் மாதத்தில் சர்க்கார் பரீட்சை. ஆனால் நினைத்தவர்கள் எல்லாம் போய் அதில் உட்கார்ந்துவிட முடியாது. டிசம்பரில் பள்ளிக்கூடமே ஒரு செலக்ஷன் பரீட்சை வைக்கும். அதில் தேறினவர்களை மட்டும்தான் சர்க்கார் பரீட்சைக்கு அனுப்புவார்கள். தேறாதவள் இன்னொரு வருஷம் அதே பெஞ்சில் உட்கார வேண்டும், வீட்டில் உட்காரவிட்டால்.

சீதாலக்ஷ்மியின் வீட்டில் விடமாட்டார்கள். ஆலப்புழையில் ஒரு கயிறு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த பையனின் ஜாதகம் ஆவணியிலேயே வந்து பொருந்தியும்விட்டது. பையன் நல்லவன் என்று எல்லோரும் சொன்னார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எந்தப் பையனைத்தான் யார் கெட்டவன் என்றார்கள்? அவள் அழுது, சாப்பிடாமல் கிடந்து, அம்மா நாகலக்ஷ்மியைத் தூது விட்டுக் கடைசியில் அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கினாள். செலக்ஷனில் தேறினால் சர்க்கார் பரீட்சை, அதற்குப் பிறகு வழுதக்காட்டில் இருக்கிற பெண்கள் காலேஜ். தேறாவிட்டால் மாசியில் முகூர்த்தம். ஆலப்புழைக்குச் சம்மதம் சொல்லி ஓர் அஞ்சல் கார்டையும் அப்பா அப்போதே எழுதிப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டார். தேதி மட்டும் போடவில்லை. அவர் அப்படிப்பட்ட மனிதர். எதையும் முன்னாலேயே தயாராக வைத்திருப்பார்.

கணக்கும் இங்கிலீஷும் அவளுக்குப் பயமில்லை. சரித்திரம்தான் கழுத்தை அறுத்தது. நவீன ஐரோப்பிய சரித்திரம், அத்தனையும் இங்கிலீஷில், முந்நூறு பக்கம். வாயில் நுழையாத பெயர்கள். ஒரே பெயருள்ள ராஜாக்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர். ஓர் ஒப்பந்தம் முடிந்தால் அதை மீற இன்னொரு சண்டை, அந்தச் சண்டை முடிந்தால் இன்னொரு ஒப்பந்தம். இரண்டு முறை படித்தாலும் மூன்றாம் நாள் தலையில் எதுவும் நிற்பதில்லை. காலாண்டுப் பரீட்சையில் நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் விடைத்தாளைப் பாவாடைக்குள் மடித்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் அப்பா அவளுடைய தம்பி பிச்சுமணிக்கு வேதப் பாடம், சந்தை, சொல்லிக்கொண்டிருந்தார். வெங்கடேஸ்வரனுக்குப் பெரிய கோயிலில் வேத பாராயணம். பையனுக்கும் அதை ஏற்றிவிட வேண்டும் என்று தினமும் காலையும் மாலையும் உட்கார்த்தி வைப்பார். அவர் ஒருமுறை சொல்வார், பிச்சுமணி இரண்டு முறை திருப்பிச் சொல்வான். குரல் ஏறும் இடத்தில் ஏற வேண்டும், இறங்கும் இடத்தில் இறங்க வேண்டும். அர்த்தம் கேட்கக் கூடாது. பத்து வயசுப் பையன், கூட்டல் கணக்கில் விரல் மடக்குகிறவன், அரை மணி நேரம் ஓரெழுத்துப் பிசகாமல் சொன்னான்.

சீதாலக்ஷ்மிக்கு எரிச்சலில்தான் அந்த யோசனை வந்தது. பெண் வேதம் சொல்லக் கூடாது என்றுதானே விதி? நெப்போலியனைச் சொல்லக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லையே.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். கொல்லைப் பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, புத்தகத்தில் ஒரு வரியை ஒருமுறை வாசிப்பது, மூடி வைத்துவிட்டு இரண்டு முறை சொல்வது. ஏற்றம், இறக்கம், நீட்டல் எல்லாம் உண்டு. வியன்னா மகாநாடு ஐந்தே நாளில் நாக்கில் ஏறியது. பிஸ்மார்க்குக்கு ஒரு வாரம் ஆயிற்று. தேங்காய் துருவும்போது ஜெர்மனி ஒன்றாகும், கிணற்றில் வாளி இறங்கும்போது இத்தாலி விடுதலை ஆகும். அடுத்த வீட்டுக்காரர்கள் முதலில் பெண்ணுக்கு ஏதோ பிடித்துக்கொண்டது என்று நினைத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அடுத்த பரீட்சையில் அறுபத்தொன்று வந்தது. அப்பா மார்க்கைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் கொல்லைப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று காது கொடுத்துவிட்டுப் போனார்.

பிச்சுமணியின் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அவன் சம்பந்தா சம்பந்தமில்லாத பத்துப் பன்னிரண்டு பதங்களைச் சேர்த்துச் சொல்லுவான். அந்தப் பகுதியில் ஐம்பது பதத்துக்கு ஒன்றாகப் பொறுக்கிக் கோத்தவை அவை. அக்காவும் தம்பியும் தங்களுக்குள் அதை வால் என்பார்கள். சரித்திரத்துக்கு வால் எதற்கு என்று அவள் விட்டுவிட்டாள். முந்நூறு பக்கத்தையும் உருப்போடுகிற அவசரத்தில் யாருக்கு வாலைப் பற்றிக் கவலை?

புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது புதிது இல்லை. அவளுடைய சித்தி பெண் படித்த புத்தகம். அட்டை பிய்ந்து, ஓரங்களைக் கரையான் அரித்து வந்தது. சுத்தமாக இல்லாத எதையும் வெங்கடேஸ்வரன் வீட்டுக்குள் வைக்கமாட்டார். சாலைக் கடைத்தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய், அரித்த ஓரத்தை மூன்று பக்கமும் வெட்டி எடுக்கச் சொல்லி, கனமாக அட்டை போட்டு பைண்டு பண்ணிக்கொண்டு வந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

செலக்ஷன் பரீட்சை டிசம்பர் இரண்டாம் வாரம். அந்த வாரத்தில்தான் ஜப்பான்காரன் அமெரிக்காவின் கப்பல்களைக் குண்டு போட்டு மூழ்கடித்தான் என்று பத்திரிகைகள் அலறின. தெருவெல்லாம் சண்டைப் பேச்சு. சீதாலக்ஷ்மியின் காதில் அது எதுவும் ஏறவில்லை. அவளுடைய சரித்திரத்தில் அந்தச் சண்டை இல்லை, அதனால் பரீட்சையிலும் வராது.

சரித்திரப் பேப்பரில் ஒரு கேள்வி கட்டாயம், இருபத்தைந்து மார்க். 1914-இல் மூண்ட மகாயுத்தத்துக்கு உடனடிக் காரணம் என்ன, யுத்தம் எப்படி நடந்து முடிந்தது? கேள்வியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பாடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிளாசில் அதை நடத்திய மூன்று நாளும் அவள் தூரமாகி வீட்டுக் கொல்லைப்புறத்து அறையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். அதனால் கிளாசில் கேட்கவில்லையே தவிர, புத்தகத்தில் இருந்த ஒவ்வோர் எழுத்தும் வாயில் இருந்தது. ஒரே ஒரு கஷ்டம், வாயை மூடிக்கொண்டு சொல்லிப் பார்க்க அவளுக்கு வராது. உதடு அசைய வேண்டும், கொஞ்சம் சத்தமும் வேண்டும். மூச்சுக்குள்ளேயே சொல்லிச் சொல்லி எழுதி முடித்தாள். அன்றைக்கு ஹாலில் நின்றது தையல் டீச்சர். அவர் இரண்டு முறை பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் சரித்திர டீச்சர் சொர்ணம்மாள் ஆள் அனுப்பினார். சொர்ணம்மாள் நாகர்கோவில்காரர். மெலிந்த தேகம், உரத்த குரல். கிளாசில் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பார், பெண்கள் தலையைக் குனிந்துகொண்டே இருப்பார்கள். சீதாலக்ஷ்மி டீச்சர்கள் அறைக்குப் போனபோது அங்கே நீலாம்பாளும் நின்றுகொண்டிருந்தாள். சாலையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் நாஞ்சில் நாட்டுக்காரரின் பெண். பரீட்சையில் சீதாலக்ஷ்மிக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவள்.

மேஜைமேல் இரண்டு விடைத்தாள்கள் இருந்தன. டீச்சர் ஒன்றை எடுத்து ஓரிடத்தில் விரல் வைத்துச் சீதாலக்ஷ்மியை வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். ஆஸ்திரிய இளவரசர் செராஜிவோவில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று வருகிற வாக்கியம்.

“யாரு சுட்டான்னு எழுதியிருக்கு?” என்றார் சொர்ணம்மாள்.

“பை எ யங் பிரசிடெண்ட் ஆஃப் த யுனைடெட் ஸ்டேட்ஸ்” என்றாள் சீதாலக்ஷ்மி, ஸ்வரம் தப்பாமல்.

“தமிழ்ல சொல்லு பிள்ளே.”

“இளவயசு அமெரிக்க ஜனாதிபதி சுட்டார்.”

டீச்சர் அடுத்த தாளை நீலாம்பாளிடம் நீட்டினார். அங்கேயும் அமெரிக்க ஜனாதிபதிதான் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தார். முழு விடையும் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இப்படி ஒரு தப்பு இரண்டு தலையில் தனித்தனியாகப் பிறக்காது, யாரோ ஒருத்தி மற்றவளைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், காப்பி அடித்தவள் பெயர் லிஸ்டில் வராது என்று சொர்ணம்மாள் சொன்னார். சீதாலக்ஷ்மியின் உதடு பரீட்சை முழுக்க அசைந்துகொண்டிருந்ததாகத் தையல் டீச்சர் எழுதியே கொடுத்திருந்தார்.

நான் இல்லை என்றாள் சீதாலக்ஷ்மி. நானும் இல்லை என்றாள் நீலாம்பாள், தரையைப் பார்த்துக்கொண்டு. எனக்குப் புத்தகம் முழுக்க மனப்பாடம், அதில் இருப்பதைத்தான் எழுதினேன் என்று சீதாலக்ஷ்மி சாதித்தாள். அப்படியானால் நாளைக் காலையில் இரண்டு பேரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று டீச்சர் அனுப்பிவிட்டார்.

அவள் வீட்டுக்கு ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். முற்றத்தில் கால் கழுவக்கூட நிற்காமல் புத்தகத்தைத் திறந்தாள். இருந்தது. இடது பக்கத்தின் கடைசி வரி செராஜிவோ, வலது பக்கத்தின் முதல் வரி அமெரிக்க ஜனாதிபதி. அச்சில், கொட்டை எழுத்தில் இருந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. புத்தகம் போட்டவன் எழுதி வைத்ததை எழுதினால் திருட்டா? அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் சொர்ணம்மாளின் மேஜையில் புத்தகத்தைத் திறந்து வைத்து, அந்த இரண்டு வரிகளையும் தொட்டுக் காட்டினாள். டீச்சர் பார்த்தார். பிறகு நீலாம்பாளின் புத்தகத்தை எடுத்தார். அது புத்தம் புதிது. பாதிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. சொர்ணம்மாள் ஒட்டியிருந்த தாள்களைப் பேனாக்கத்தியால் பிரித்து, செராஜிவோ இருக்கிற பக்கத்தை எடுத்துச் சீதாலக்ஷ்மியின் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே 208 என்று எண் இருந்தது. சீதாலக்ஷ்மியின் புத்தகத்தில் அந்த இடத்தில் எண் இல்லை. எந்தப் பக்கத்திலுமே இல்லை. பைண்டுக்காரன் விளிம்போடு சேர்த்து வெட்டி எறிந்திருந்தான்.

டீச்சர் புதுப் புத்தகத்தில் தாளைத் திருப்பினார். பக்கம் 209. முதல் வார்த்தை ‘ஸ்டூடண்ட்’. இளவரசரைச் சுட்டவன் ஓர் இளம் மாணவன். பள்ளிக்கூடத்துப் பையன்.

அதற்குப் பிறகு அவர் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போனார். பெல்ஜியம், பீரங்கி, பதுங்கு குழி, மூழ்கின கப்பல்கள், ரஷ்யாவில் புரட்சி, செத்தவர்களின் தொகை. எட்டுத் தாள், பதினாறு பக்கம். 225-ஆம் பக்கத்தில் அமெரிக்க ஜனாதிபதி பதினாலு அம்சத் திட்டத்தோடு உலக சமாதானத்துக்கு வந்து சேர்ந்தார். பைண்டுக் கடையில் ஒரு கட்டுத் தாள் விழுந்துபோயிருந்தது. அந்தக் கட்டில்தான் மகாயுத்தம் முழுக்க இருந்தது.

சீதாலக்ஷ்மி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் திருடவில்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது. தன் விடை தன்னுடையதுதான், அமெரிக்க ஜனாதிபதி தன்னுடைய புத்தகத்தில் மட்டும்தான் கொலைகாரர். எப்பேர்ப்பட்ட நிரூபணம்! இதைவிட, காப்பி அடித்தாள் என்று சொல்லியிருந்தால்கூட மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

சொர்ணம்மாளுக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. களைத்துப்போனவர் போல நாற்காலியில் சாய்ந்தார். “அமெரிக்காக்காரன் எதுக்கு ஆஸ்திரியா ராஜா மகனைச் சுடணும்? ஒரு தடவயாவது ஏன்னு தோணல்லியா உனக்கு?” என்று கேட்டார்.

“தோணித்து டீச்சர்.”

“பொறவு?”

“அதை நினைச்சா சொல்றது நின்னுபோயிடும். திரும்ப முதல்லேந்து ஆரம்பிக்கணும்.”

அது உண்மை. முதல் நாள் அந்த வரி வந்தபோது அவள் ஒரு கணம் நிறுத்தத்தான் செய்தாள். ஆனால் அந்தப் புத்தகத்தில் யார் யாரைக் கொல்லவில்லை? ராஜாவை ஜனங்கள் கொன்றார்கள், ஜனங்களை ராஜா கொன்றான், இதில் ஒரு ஜனாதிபதி புதிதாக என்ன கெட்டுவிட்டான் என்று மேலே போய்விட்டாள். அதையெல்லாம் டீச்சரிடம் சொல்லவில்லை.

மார்க் முப்பத்து மூன்று. முப்பத்தைந்து வேண்டும். கட்டாயக் கேள்விக்குப் பூஜ்யம். இரண்டு மார்க்கை நான் போட்டுவிடலாம், சர்க்கார் பரீட்சையில் யார் போடுவார்கள், அடுத்த வருஷம் புரிந்து படித்துவிட்டு வா என்றார் சொர்ணம்மாள். அடுத்த வருஷம் என்று ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அலமாரியைத் திறந்து தன்னுடைய சொந்தப் புத்தகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவளுக்கு அதை வாங்கவும் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

வெளியே வாசற்படியில் நீலாம்பாள் நின்றிருந்தாள். காப்பி அடித்தவள் என்று ஆகிவிட்டதால் அவளுக்கும் செலக்ஷன் இல்லை. மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று சீதாலக்ஷ்மி நினைத்தாள்.

“நீ ஒழுங்காச் சொல்லியிருந்தியானா நானும் பாஸாயிருப்பேம்லா” என்று சொல்லிவிட்டு நீலாம்பாள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் அப்பா பாராயணம் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சீதாலக்ஷ்மி இரண்டு புத்தகங்களையும் அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.  கடைசியில் ஒன்றுதான் கேட்டார், புத்தகத்தில் இருந்ததில் ஏதாவது பிசகினாயா என்று. ஓரட்சரம் பிசகவில்லை என்றாள். அவர் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தே போயிற்று. அதைப் பார்த்து அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

சந்தோஷம் போன உடனே கோபம் வந்தது. “பதினாறு பக்கம் இல்லாமே இத்தனை நாள் சொல்லிண்டிருந்திருக்காய். அது உனக்குத் தெரியலையோ?”

“நீங்க சொல்றதுல நடுவுல ஒண்ணு விட்டுப்போனா உங்களுக்குத் தெரியுமோ?”

உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. வெங்கடேஸ்வரன் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

“தெரியும். பெரியவா எண்ணி வெச்சிருக்காளாக்கும். ஒவ்வொண்ணு முடியறச்சேயும் பிச்சுமணி சொல்றானே, அது பின்னே எதுக்கு? ஒரு பதம் போனாலும் அதுல அகப்பட்டுடும். நீ எங்க வாயை எடுத்துண்டாய். எண்ணிக்கையை விட்டுட்டாய்.”

வால் என்று சிரித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.  பிறகு அதற்கும் ஒரு பதில் இருக்கிறது என்று தெரிந்தது. அவள் பைண்டு பண்ணின புத்தகத்தை எடுத்து, நறுக்கென்று வெட்டின மேல் ஓரத்தை அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

“இதுக்கும் அச்சுப் போட்டவா எண்ணி வெச்சிருந்தா அப்பா. ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைல போட்டிருந்தா. வெட்டச் சொன்னது நீங்கதான்.”

வெங்கடேஸ்வரன் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். மேல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். சொர்ணம்மாளின் புத்தகத்தைத் திறந்து அதன் தலைப்பில் இருந்த எண்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே போனார். இங்கிலீஷ் அவருக்கு வராது, எண் வரும். 208-க்கு வந்து, 209-க்கு வந்து, பிறகு தன் பெண்ணின் புத்தகத்தில் அந்த இடத்தைத் தேடினார். அவளே விரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இரண்டு புத்தகங்களையும் விரித்தபடியே தரையில் வைத்தார். பிறகு எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தைக் கொண்டு வந்தார். ஆலப்புழைக் கார்டை எடுத்தார். தேதி போடப்போகிறார் என்று நினைத்துச் சீதாலக்ஷ்மி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேனா எடுக்கும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது, பதினாறு பக்கம் விட்டுப்போன அந்த இடத்தில் அவர் கார்டை வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

“அடுத்த வருஷம் முழுசா இருக்கறதைப் படி” என்றார். சொல்லிவிட்டு, பிச்சுமணி எங்கே, நேரமாயிற்று என்று வாசல் பக்கம் போனார்.

அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. ஒரு வருஷம் போய்விட்டது, அது யாருடைய தப்பு என்று பங்கு பிரித்தாலும் போனது போனதுதான். கொல்லைக் கல்லில் போய் உட்கார்ந்து டீச்சரின் புத்தகத்தில் 209-ஆம் பக்கத்தைத் திறந்தாள். வாய் தானாக அசைய ஆரம்பித்தது. தாவணித் தலைப்பைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு, முதல் வார்த்தையிலிருந்து கண்ணால் மட்டும் படிக்கப் பார்த்தாள். இரண்டு வரிதான் ஓடிற்று. பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு பையன் ஏன் சுட்டான் என்று அங்கேயே நின்றுவிட்டாள்.